கொட்பிறி போட்ட ஒன்பதரை

மெல்பனின் டண்டினொங் புறநகரில் ஒரு தமிழ்ப் பையன் கொளுத்தும் வெயிலிலும் நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு நடந்தால், அவனைக் கூச்சக்காரன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் எங்கோ கொட்பிறி நிற்கிறார், அவ்வளவுதான். மற்ற அங்கிள்மார் பையன்களின் முகத்தைப் பார்த்து யாருடைய மகன் என்று விசாரிப்பார்கள். கொட்பிறி முழங்காலைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்.

அவர் பேசாலைக்காரர். மன்னார்த் தீவின் கடற்கரையில் பிறந்து, கடலையும் மாதா கோயிலையும் உதைபந்தையும் தவிர உலகத்தில் வேறு விஷயங்களும் இருக்கின்றன என்பதை மீசை முளைத்த பிறகுதான் கேள்விப்பட்டவர். எண்பத்துமூன்றின் கடைசியில், இனக்கலவரத்தில் நாடு எரிந்ததும் புறப்பட்ட பலரைப் போல, மனைவி யசிந்தாவோடு மெல்பனில் வந்து இறங்கினார். கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. வளையத்தை எடுத்து, இழுத்து, வளைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லதை வலப்பக்கப் பெட்டியிலும் பழுதானதை இடப்பக்கப் பெட்டியிலும் போடவேண்டும். மற்றவர்களுக்கு மண்டை காய்ந்த அந்த வேலை கொட்பிறிக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருந்தது. வேலை முடிந்து சங்கு ஊதிய பிறகும் அவரால் அதை நிறுத்த முடியாமல் போனதுதான் வினை.

பாதிரியாரின் பிரசங்கத்துக்குப் பத்துக்கு ஐந்து போட்டார். அயல்வீட்டுக்காரர் புல்லு வெட்டியதற்கு ஆறு போட்டார். ஒருநாள் யசிந்தாவின் மீன்குழம்புக்கு ஏழேகால் என்றார். யசிந்தா அகப்பையை அவருடைய கையில் கொடுத்துவிட்டு, "அந்த மிச்ச ரெண்டேமுக்காலை நீங்களே வைச்சுக் காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அன்று கொட்பிறி வைத்த குழம்பைப் பற்றி வீட்டில் இன்றுவரை பேச்சில்லை. அதற்குப் பிறகு அவர் குசினிப் பக்கம் புள்ளி போடுவதை விட்டார். காரோட்டும் பரீட்சையில் தனக்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்பதையும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. பலமுறை எழுதி, பலமுறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் பரீட்சகரின் பார்வையில்தான் கோளாறு என்ற முடிவுக்கு வந்து, கடைசியில் யசிந்தா ஓட்ட, பக்கத்தில் இருந்து வழி சொல்லும் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டார்.

எண்பத்தைந்தில் டண்டினொங் தமிழர்கள் சேர்ந்து ஓர் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கினார்கள். நீலக்கடல் விளையாட்டுக் கழகம் என்று பெயர் வைத்தார்கள். டண்டினொங்கிலிருந்து எந்தக் கூரையில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. ஆனால் பெயர் வைக்கிற அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப்பேர் மன்னார்க்காரர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அடித்துப்பிடித்து முடிந்தபிறகு ஒரு பதவி மிஞ்சியது. ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்கிறவர். அதாவது, பிள்ளை டொக்டராக வேண்டும் என்று நேர்ந்து வைத்திருக்கும் வீடுகளுக்குப் போய், சனிக்கிழமை கணக்கு வகுப்பை விட்டுவிட்டுச் சேற்றில் விழ அனுப்புங்கள் என்று கேட்கிற வேலை. யாரும் வாய் திறக்கவில்லை. கொட்பிறி கை தூக்கினார். அன்றிலிருந்து அவருக்குப் பிள்ளைபிடிகாரன் என்று பட்டம் விழுந்தது. அழுகிற குழந்தைகளுக்குத் தாய்மார் அவரைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள்.

ஆள் பிடிப்பதற்கு அவர் வைத்திருந்த முறையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பந்தைக் கொடுத்து ஓடவிட்டுப் பார்க்கிற பழக்கம் அவரிடம் இல்லை. பந்தைக் கண்டால் எந்தப் பையனும் நடிக்கத் தொடங்கிவிடுவான் என்பார். தான் கவனிக்கப்படுவது தெரியாத இடத்தில்தான் பையனைப் பார்க்க வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பின்வரிசையில் இருந்துகொண்டு பையன்கள் முழந்தாளிடுவதைப் பார்த்தார். முன்னால் இருக்கும் வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறவனுக்கு நாலு. பிடிக்காமல் எழும்புகிறவனுக்கு ஆறு. நற்கருணை நேரம் முழுக்க அசையாமல் முழந்தாளில் நின்றுவிட்டு ஸ்பிரிங் போட்டதுபோல எழும்புகிறவனுக்கு எட்டுக்குமேல். தேவ பிரசன்னத்தில் மற்றவர்கள் கண்ணை மூடியிருக்கும் நேரத்தில் கொட்பிறியின் கண் இரண்டும் வாங்குகளுக்குக் கீழே திரிந்துகொண்டிருக்கும்.

சைவப் பிள்ளைகளை என்ன செய்வது என்பது கொஞ்சநாள் பெரிய தலையிடியாக இருந்தது. அவர்கள் சாமிக்கு முன்னால் நின்றுகொண்டே கும்பிட்டார்கள். பிறகு யாரோ தோப்புக்கரணத்தைப் பற்றிச் சொன்னார்கள். காதைப் பிடித்துக்கொண்டு இருந்து எழும்புகிற ஒரு வழிபாடு இருக்கிறது என்று தெரிந்ததும், இவ்வளவு நல்ல பயிற்சியைத் தன் மதம் எப்படிக் கைவிட்டது என்று கொட்பிறி பாதிரியாரிடமே போய்க் கேட்டார். அந்த மாதப் பிரசங்கங்களுக்கு அவர் போட்ட புள்ளி இன்னும் குறைந்தது.

வருடாவருடம் ஜூன் மாதம், மகாராணியின் பிறந்தநாள் விடுமுறைத் திங்கட்கிழமை, கழகத்தின் மத்தியானச் சாப்பாடு. சிட்னியிலிருந்தும் ஒரு கூட்டம் வரும். முந்தியநாள் இரண்டு நகரங்களும் மோதிக்கொண்டு காலில் காயத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ரோல்ஸ் முடிந்து புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வருகிற இடைவெளியில் கொட்பிறி எழும்புவார். இதற்கு வாசிப்பு என்று பெயர். ஆனால் அவர் கையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. எல்லாம் மண்டையில். புதிதாகப் பிடித்த பையன்களுக்கு முதல் புள்ளி. விளையாட்டை விட்டவர்களுக்குக் கடைசிப் புள்ளி. அன்றைக்கு என்ன போட்டேன், ஆள் கடைசியில் எப்படி வந்து சேர்ந்தான், ஏன். கடைசிப் புள்ளி போட்டதும் அந்தப் பெயர் மூடப்பட்டுவிடும்.

அவருடைய கணிப்பு பலித்ததா என்றால், அதைப் பேசாமல் விடுவது நல்லது. எடுத்த எடுப்பிலேயே ஒன்பது போட்ட பையன் வலன்ரைன். அவனைப்போல முழந்தாளிட்டவன் இந்தக் கண்டத்தில் இல்லை என்றார் கொட்பிறி. பையன் இரண்டு பருவம் விளையாடிவிட்டுக் குருமடத்தில் சேர்ந்துவிட்டான். "உதைபந்தில மூண்டு. முழந்தாளில பத்து. நான் முழந்தாளைத்தான் பாத்தனான், அது பிழைக்கேல்ல" என்று அந்தக் கணக்கை முடித்தார். நாலு போட்ட ஒரு பையன், குடும்பத்தோடு சிட்னியில் லிட்கம் பக்கம் குடிபோய், ஒவ்வொரு ஜூனிலும் மெல்பனுக்கு எதிராகக் கோல் அடித்தான். அதற்கும் கொட்பிறியிடம் விளக்கம் இருந்தது. தான் போட்ட நாலைக் கேட்டு வந்த கோபத்தில்தான் பையன் அப்படி விளையாடுகிறானாம். ஆகவே அந்தக் கோல்களில் பாதி தன்னுடையதாம்.

சனங்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அந்தப் புள்ளிகளை நம்பவும் செய்தார்கள், அதுதான் வேடிக்கை. கல்யாணப் பேச்சுக்காலில்கூட, பையன் ஐடி வேலை, சொந்த வீடு என்று எல்லாம் சொல்லி முடிந்ததும், "கொட்பிறி எவ்வளவு போட்டவர்?" என்று ஒரு கேள்வி வரும். ஆறரை என்றால் பெண்வீட்டார் திருப்தியாகத் தலையை ஆட்டுவார்கள்.

வரதராஜாவை அவர் கண்டது எண்பத்தெட்டில். வரதராஜாவின் தகப்பன் அதே ரப்பர் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறவர். விநாயகர் சதுர்த்திக்கு மோதகம் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டார். அப்போது மெல்பன் சைவர்களுக்குக் கோயில் கட்டி முடியவில்லை. வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், பாட்மின்ரன் கோடுகளுக்கு நடுவில் பிள்ளையாரை வைத்திருந்தார்கள். பதினொரு வயதுப் பையன் ஒருவன் பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டான். மற்றப் பிள்ளைகள் நாலைந்தோடு மூச்சு வாங்கி மோதகத்தைப் பார்த்தார்கள். இவன் குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பாமல், முதுகு வளையாமல், ஏதோ யோசித்தபடி, குந்தினான், எழும்பினான், குந்தினான், எழும்பினான். கொட்பிறி வாயில் வைத்த மோதகத்தைக் கடிக்க மறந்து நின்றார். அடுத்த ஜூனில் எழுந்து நின்று ஒன்பதரை என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் யாருக்கும் அந்தப் புள்ளியைக் கொடுத்ததில்லை.

பையன் உண்மையிலேயே விளையாடினான். மெல்பன் முதல்முறையாகச் சிட்னியை வென்றது அவன் காலால்தான். பதினெட்டு வயதில் நகரத்தின் பெரிய கழகம் ஒன்று அவனைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. கொட்பிறி அந்தக் கிழமை வளையங்களை இரண்டு பெட்டியிலும் மாறிமாறிப் போட்டு மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினார். அவுஸ்திரேலியாவுக்கு விளையாடுவான் என்று சந்தையில் மீன் வெட்டுகிறவருக்குக்கூடச் சொன்னார். இரண்டு கிழமையில் வரதராஜா தானாகவே திரும்பி வந்தான்.

"அங்க எல்லாரும் என்னை மாதிரித்தான் அங்கிள்" என்றான். "சிலபேர் கூட."

அதற்குப் பிறகும் நீலக்கடலுக்குச் சில வருடம் விளையாடினான். பிறகு பஸ் கொம்பனியில் சாரதியாகச் சேர்ந்தான். கமலினியைக் கல்யாணம் செய்தான். கிரான்பர்னில் வீடு கட்டி, பின்வளவில் முருங்கை வைத்து, குளிருக்கு அது செத்துப்போக மறுபடி வைத்து, ஒரு மகளையும் பெற்றுச் சந்தோஷமாக இருந்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒன்றைத் தவிர. கொட்பிறி அவனுடைய பெயரை மூடவில்லை.

விளையாட்டை விட்டவர்களுக்கெல்லாம் கடைசிப் புள்ளி விழுந்தது. வரதராஜாவின் முறை வந்ததும் அவர் தொண்டையைச் செருமி, "வரதராஜா. ஒன்பதரை. அது இன்னும் திறந்துதான் கிடக்குது" என்பார். உடனே மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. அன்ரிமார் நாடியில் கையை ஊன்றி "பாவம்" என்பார்கள். இப்படி ஒரு வருடமல்ல, பத்து வருடத்துக்கும் மேலாக. வரதராஜாவுக்கு மண்டபத்தில் மட்டுமா இந்த உபத்திரவம்? பஸ்ஸில் ஏறுகிற தமிழர்கள் காசைக் கொடுத்துவிட்டு அவனுடைய முகத்தை ஒருமாதிரிப் பார்த்தார்கள். செத்தவீட்டில் கைகொடுப்பதுபோல மிச்சக்காசை வாங்கினார்கள். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற கொட்பிறி கிழமைக்கு மூன்று தரம் டண்டினொங் சந்தைக்குப் போய்வர அந்த பஸ்ஸில்தான் ஏறினார். ஏறியதும் முன் இருக்கையில் இருந்து, பக்கத்தில் யார் இருந்தாலும், "டிறைவரைத் தெரியுமோ? ஒன்பதரை" என்று தொடங்குவார். ஒருமுறை இதை ஆங்கிலத்தில் கேட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பஸ் ஒன்பதரைக்குத்தான் புறப்படும் என்று நினைத்து இறங்கப் பார்த்தாள்.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு மே மாதக் கடைசியில், பஸ் கிரான்பர்ன் தரிப்பில் நின்று எல்லோரும் இறங்கிய பிறகு, வரதராஜா இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான். கொட்பிறி மீன் பையோடு எழும்பிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஒண்டு கேப்பன். கோவிக்கக்கூடாது."

"கேள் தம்பி."

"என்ர மார்க்ஸைக் குறைச்சு விடுங்கோ."

கொட்பிறி திரும்ப இருக்கையில் இருந்துவிட்டார். இத்தனை வருடத்தில் புள்ளியைக் கூட்டச் சொல்லிக் கெஞ்சாத தாய் தகப்பன் இல்லை. ஒருவர் ஒரு பெட்டி இறாலோடு வந்தும் கேட்டிருக்கிறார். குறைக்கச் சொல்லி ஒருவன் கேட்பதை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"என்னத்துக்கு?"

"எனக்கு ஒண்டும் நடக்கேல்ல அங்கிள். நல்ல வேலை. நல்ல மனிசி. ஆனா நான் போற இடமெல்லாம் சனம் என்னைப் பாவம் எண்டுது. போன வருசம் சாப்பாட்டுக்கு வந்திட்டுப் போகேக்க என்ர மகள் கேக்கிறாள், 'அப்பா, வட் டிட் யூ டூ றோங்?' எண்டு. நான் என்ன பிழை செய்தனான் எண்டு அவளுக்குச் சொல்ல?"

மறுமொழி வராதபோது கொட்பிறிக்குக் கோபம் வரும்.

"சரி, எவ்வளவு வேணும் உனக்கு?"

"ஆறு காணும்."

"ஆறோ? ஆறு பீட்டருக்குப் போட்டது. அவன் தன்ர கோலுக்கையே பந்தை அடிச்சவன்."

"சரி, ஆறரை."

"ஒன்பதுக்குக் கீழ இறங்கமாட்டன்."

"ஏழு."

"எட்டே முக்கால்."

"அங்கிள், நீங்கள் மீன் விக்கேல்ல."

அதற்குள் அடுத்த ஓட்டத்துக்கு ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். கொட்பிறி மீன் பையைத் தூக்கிக்கொண்டு, போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கி நடந்தார்.

வீட்டுக்கு வந்து யசிந்தாவிடம் சொன்னார். அவன் எப்படி அப்படிக் கேட்கலாம், வேறு யாருக்கும் போடாத புள்ளி, ஆளுக்கு நன்றியில்லை என்று குசினிக்கும் முன்னறைக்கும் இடையில் நடந்துநடந்து சொன்னார். யசிந்தா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"குறைச்சா உங்களில என்ன குறையும்?" என்றார் கடைசியில்.

கொட்பிறி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "யசிந்தா, நான் இவ்வளவு காலமும் எத்தினை பெடியளுக்கு மார்க்ஸ் போட்டிருப்பன். எல்லாம் பிழை எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீரோ? அவன் ஒருத்தனைத்தான் நான் சரியாக் கண்டனான்."

"அதுக்காக அவன் சாகுமட்டும் உங்களுக்குச் சாட்சியா நிக்கவேணுமோ?"

கொட்பிறிக்கு நன்றாகவே வலித்தது. ரப்பர் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவர் வலப்பக்கப் பெட்டியில் போட்ட வளையங்கள் எல்லாம் கார்களோடு சேர்ந்து இரும்புக்கடைக்குப் போயிருக்கும். வாழ்க்கையில் ஒருதரம், பாட்மின்ரன் கோட்டுக்கு மேலே, மற்ற யாருக்கும் தெரியாத ஒன்று தன் கண்ணுக்குத் தெரிந்தது என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இவ்வளவு காலமும் நிமிர்ந்து நடந்தார். அதையும் கொடுத்துவிட்டால் அவர் யார்? அடுத்தவன் பிள்ளைகளின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு திரிந்த ஒரு மனிதர். ஜூன் சாப்பாடு வரும்வரை இரண்டு கிழமையும் சந்தைக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். யசிந்தா மீனுக்குப் பதிலாகப் பருப்பு வைத்தார்.

ஜூன் விடுமுறைத் திங்கள் வந்தது. மண்டபத்துக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. முந்தியநாள் ஆட்டத்தில் சிட்னி வென்றிருந்தது, ஆகவே சிட்னி மேசைகளில் சத்தம் கூட. வரதராஜா பல வருடம் வாசிப்புக்கு முன்னால் வேலை இருக்கிறது என்று நழுவியிருக்கிறான். அன்று கமலினி அவனுடைய ஜக்கெற்றை வாங்கித் தன் கதிரையில் மாட்டிவிட்டு, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்தாவது வருடச் சாப்பாடு, இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறது என்று முடிவு.

கொட்பிறி எழும்பினார். புதுப்பையன்கள் ஐந்து பேருக்குப் புள்ளி போட்டார். சனங்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். விளையாட்டை விட்ட இரண்டு பேருடைய பெயரை மூடினார். பிறகு கொஞ்சநேரம் மேசைவிரிப்பை நீவிக்கொண்டு நின்றார்.

"வரதராஜா" என்றார்.

மண்டபம் பெருமூச்சுக்குத் தயாரானது. அன்ரிமாரின் கைகள் நாடிக்குப் போயின.

"ஏழு. கடைசிப் புள்ளி. மூடியாச்சு."

நாடிக்குப் போன கைகள் அப்படியே நின்றன. கழகச் செயலாளர் பாஸ்கர், மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர், எதையும் முறைப்படி செய்கிறவர், ஒலிவாங்கியை எடுத்து, "அங்கிள், கடைசிப் புள்ளின்னா காரணம் சொல்லணும் இல்லையா?" என்றார்.

"காரணமோ?" கொட்பிறி பாஸ்கரைப் பார்த்தார், பிறகு மண்டபத்தைப் பார்த்தார். "நான் பிழையாப் போட்டிட்டன். பெடியன் நல்ல ஏழு. நான்தான் கூடப் போட்டனான்."

அந்த மண்டபத்தில் அதுவரை யாரும் கொட்பிறியின் வாயிலிருந்து தன் பிழை என்ற சொல்லைக் கேட்டதில்லை. பிறகு லிட்கத்திலிருந்து வந்திருந்த சிவலிங்கம், அந்த நாலு புள்ளிப் பையனின் தகப்பன், கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"அப்ப என்ர மகன்ர நாலு?"

அவ்வளவுதான். அணை உடைந்தது. எங்கள் பிள்ளையின் ஐந்தரை என்ன ஆகிறது என்று ஒரு தாய் கேட்டார். நாலரையால் ஒரு நல்ல சம்பந்தம் போனதே என்று இன்னொருவர் எழும்பினார். எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பப் போடவேண்டும் என்று ஒரு மேசையே சேர்ந்து கத்தியது. பீட்டர், தன்னுடைய ஆறு சரிதான், அதை யாரும் தொடவேண்டாம் என்றான். கொட்பிறி காது சிவக்க நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். யசிந்தா இரண்டு முறை அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் இருந்தார்.

அந்த அமளிக்குள் வரதராஜா தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். முன்னால் நின்ற ஓர் அன்ரி திரும்பி அவனைப் பார்த்தார். பாவம் என்று சொல்ல வாய் எடுத்து, அதற்கு இப்போது இடமில்லை என்பது ஞாபகம் வந்து, கொஞ்சம் யோசித்தார்.

"தம்பி, உங்கட பஸ் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுமோ?"

"ஓம் அன்ரி, ஆனா மணித்தியாலத்துக்கு ஒண்டுதான்" என்றான் வரதராஜா. பிறகு எந்தத் தரிப்பில் ஏறினால் வசதி, பூசைக்குப் போக எந்த பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று புட்டு ஆறும்வரை விளக்கிக்கொண்டு நின்றான். கமலினி தூரத்தில் இருந்து அதைப் பார்த்துச் சிரித்தாள்.

சாப்பாடு முடிந்து கதிரைகளை அடுக்கத் தொடங்கியபோது கொட்பிறி தேத்தண்ணீர் மேசையடியில் தனியாக நின்றார். வரதராஜா வந்தான். நன்றி சொல்லுவான், தோளில் தட்டி அனுப்பிவிடலாம் என்று அவர் நினைத்தார். அவன் நன்றி சொல்லவில்லை.

"அங்கிள், ஏழு எண்டது நான் கேட்டபடியாலோ? இல்லாட்டி உண்மையாவோ?"

"ஏன் இப்ப அது?"

"எனக்குத் தெரியவேணும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் அந்த ரெண்டு கிழமையோட திரும்பி வந்தனான். இன்னும் கொஞ்சம் நிண்டிருக்கலாமோ எண்டு இண்டைக்கும் யோசிப்பன். பஸ் ஓட்டேக்கையும் யோசிப்பன். ஒன்பதரை எண்டா நான் ஒரு பெரிய சாமானைத் துலைச்சுப்போட்டன். ஏழு எண்டா ஒண்டும் துலைக்கேல்ல. உண்மையைச் சொல்லுங்கோ."

அப்போதுதான் கொட்பிறிக்கு அவன் பஸ்ஸில் கேட்டது என்னவென்று முழுதாக விளங்கியது. சனங்களுடைய வாயை மூடுவதற்கு மட்டும் அவன் கேட்கவில்லை.

தொண்ணூற்றுமூன்றில் சிட்னிக்கு எதிரான ஆட்டம் அவருடைய கண்ணுக்குள் வந்தது. சேற்று மைதானம். பந்து காலுக்கு வந்ததும் பதினாறு வயதுப் பையன் அடிக்கவில்லை. நின்றான். எல்லோரும் அவன் அடிக்கப்போகும் பக்கம் பாய்ந்தார்கள், கோல்காப்பாளனும் பாய்ந்தான். எல்லோரும் போய் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு வெறுமையாகக் கிடந்த பக்கம் பந்தை மெல்ல உருட்டிவிட்டான். அந்தப் பொறுமையை யாரும் பழக்கிக் கொடுக்க முடியாது. பேசாலையிலும் இல்லை, பிறகு பார்த்த எந்த ஊரிலும் இல்லை, கொட்பிறி அதை வேறொரு காலில் கண்டதே இல்லை. இரண்டு கிழமையல்ல, இரண்டு வருடம் நின்றிருக்க வேண்டும் இவன்.

ஒன்பதரைதான் என்று வாய்வரை வந்துவிட்டது. எத்தனையோ தகப்பன்மாரை முகத்துக்கு நேரே நோகடித்தவர், பாதிரியாருக்கே ஐந்து போட்டவர், அன்றுவரை புள்ளி விஷயத்தில் ஒரு கால்புள்ளிகூடப் பொய் சொல்லாதவர்.

"உண்மையாத்தான் தம்பி" என்றார். "நீ நல்ல ஏழு. அதுக்கு மேல உன்னட்ட இருக்கேல்ல. நீ திரும்பி வந்தது சரிதான்."

வரதராஜா அவருடைய முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கொட்பிறி கண்ணை எடுக்கவில்லை. பையனின் தோள் இரண்டும் இறங்கின.

"அப்ப சரி அங்கிள்" என்றான். சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வருடங்கள் இருக்கும். "ஏழும் மோசமில்லை, என்ன?"

"மோசமில்லை" என்றார் கொட்பிறி.

அவன் கமலினியிடம் போனான். எதையோ சொன்னான். இரண்டுபேரும் மகளைக் கூட்டிக்கொண்டு, மழைக்குத் தலையில் ஜக்கெற்றைப் பிடித்தபடி காருக்கு ஓடினார்கள்.

யசிந்தா காரை எடுத்தார். வழக்கமாக, மண்டப வாசலிலேயே இடம் வலம் என்று தொடங்கிவிடும் கொட்பிறி அன்று வழி சொல்லவில்லை. இரண்டு சிக்னல் தாண்டியாயிற்று.

"உண்மையா எவ்வளவு?" என்றார் யசிந்தா.

"ஏழு."

யசிந்தா திரும்பி அவரைப் பார்த்தார். கொட்பிறி கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்ப்பதுபோல இருந்தார், ஆனால் அழுதுகொண்டிருந்தார். யசிந்தா ஒரு கையால் கைப்பையைத் துழாவி, கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்து அவருடைய மடியில் போட்டுவிட்டு, பாதையைப் பார்த்து ஓட்டினார்.